ஒளிந்து எடுப்பது கேண்டிட் இல்லை

புகைப்படப் பயிற்சி வகுப்புக்கு வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது, "தூரத்திலிருந்து எடுக்க எந்த ஸூம் லென்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். ஆட்களுக்குத் தெரியாமல் எடுத்தால்தான் கேண்டிட், அதாவது போஸ் கொடுக்காத இயல்பான படம், என்று ஓர் எண்ணம். உண்மையில் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவில் பெரிய லென்ஸோடு தூணுக்குப் பின்னால் பதுங்குகிறவரைத்தான் எல்லாரும் முதலில் கவனிக்கிறார்கள். கிடைக்கும் படமும் ஒரு முகம், பின்னால் வெறும் மங்கல். அவர் எங்கே நின்றார், என்ன செய்தார், எதுவும் இருக்காது. என் சிபாரிசு, சுற்றுப்புறத்தையும் சேர்த்துக் காட்டும் 35 எம்எம் லென்ஸ். பக்கத்தில் போய்த் தெரியும்படியே நில்லுங்கள்.

எங்கே நிற்பது என்பதை வெயில் முடிவு செய்யட்டும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர். இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பகல் 1 மணி வாக்கில். அப்போது திறந்த வெளியில் எடுத்தால் கண் இரண்டும் குழி, மூக்குக்குக் கீழே கறுப்பு. மாலை 5.30க்கு மேல் வெளிச்சம் இதமாகும்; ஆனால் 7 மணியை ஒட்டிச் சூரியன் மறைந்ததும் மளமளவென்று இருட்டிவிடும்.

நடுப்பகலிலும் கைகொடுப்பது பழைய கடைவீடுகளின் அஞ்சடி, அதாவது கடைகளின் முன்னால் ஓடும் நடைபாதை. மேலே கூரை இருப்பதால் நேர் வெயில் விழாது. எதிரே வெயில் காயும் சாலையும் சுவரும் வெளிச்சத்தை உள்ளே தள்ளும். சாலைக்கு முதுகு காட்டி நின்றால் அந்த வெளிச்சம் கடைக்காரர் முகத்தில் மெத்தென்று விழும். பூக்கடையில் மாலை கட்டுகிறவரைப் பாருங்கள். கட்டும் வரை குனிந்தே இருப்பார். முடிச்சைப் போட்டு, நாரை அறுத்து, "அடுத்து யாருக்கு?" என்று நிமிர்வார் பாருங்கள், அந்த அரை நொடிதான் படம். இரண்டு மாலை கட்டுவதைச் சும்மா பார்த்தாலே அவருடைய தாளம் பிடிபட்டுவிடும். அப்புறம் ஃபோகஸைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 35 எம்எம் லென்ஸின் துவாரத்தை எஃப் 8-இல் வைத்து 2.5 மீட்டருக்கு ஃபோகஸ் செய்துவிட்டால், சுமார் 1.7 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை தெளிவாகவே விழும். ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறைய வேண்டாம். ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓ-வை ஆட்டோவில் விடுங்கள்.

நம் ஆட்களை எடுக்கும்போது இன்னொன்று. வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் எதையும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். ஃப்ரேம் நிறைய வெள்ளை வேட்டி சட்டை இருந்தால் மாநிற முகம் கரிந்துபோவது அதனால்தான். முகத்துக்கு மீட்டர் பார்த்து எடுங்கள். பிறகு கணினியில் தோலை வெளுப்பாக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

தைப்பூசத்தில் காவடி எடுப்பவரின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டி, வழிமறித்துப் பின்னோக்கி நடப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். கூடவே தண்ணீரும் துண்டுமாக வரும் குடும்பத்தைப் பாருங்கள்; பல நேரம் நல்ல படம் அங்கேதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் புல்தரையில் தூங்கும் தொழிலாளியை எடுத்து, "வாழ்க்கைப் போராட்டம்" என்று போடுவதும் வழக்கமாகிவிட்டது. கிடைத்த ஒரு நாள் ஓய்வில் படுத்திருந்தார், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் ஊரில் இருக்கும் மனைவிக்கு அது போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் ஷட்டரை அழுத்தத் தோன்றாது. குழந்தை என்றால் பெற்றோரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

பொது இடத்தில் படம் எடுப்பதைச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. ஆனால் மறுத்த பிறகும் ஒருவரை விடாமல் துரத்தினால், தொந்தரவுக்கு எதிரான 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அந்த அளவுக்குப் போக வேண்டியதே இல்லை. எடுத்ததும், "அண்ணே, ஒண்ணு எடுத்தேன், பாருங்க" என்று திரையைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். அனுப்பச் சொன்னால் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அடுத்த வாரம் அதே கடை முன்னால் கேமராவோடு நின்றாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.