பொறி இல்லாத பொறி

"மகன் ஒரு வருஷமாக ரேடியோ கன்ட்ரோல் ட்ரெய்னர் விமானம் ஓட்டுகிறான். இப்போது லூப், ரோல், தலைகீழ்ப் பறத்தல் எல்லாம் செய்யவேண்டும் என்கிறான். எந்த விமானம், எந்த எஞ்சின் வாங்கலாம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வெண்டைக்காயை விளக்கெண்ணெயில் வதக்கியது மாதிரி, 'அது அவரவர் வசதியைப் பொறுத்தது' என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் இதற்கு உருப்படியான பதிலே இருக்கிறது. விளக்கெண்ணெயும் பிற்பாடு நிஜமாகவே வரும்.

முதலில், கையில் இருக்கும் ட்ரெய்னரே ஏன் போதாது? நானும் ஒரு காலத்தில் போதும் என்றுதான் நினைத்தேன். நல்ல உயரத்தில் வைத்துப் பாதி ரோல் போட்டேன், அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் பாதி உருட்டினேன். தலைகீழானதும் மூக்கு தரையை நோக்கித் தாழ்ந்தது. பதற்றத்தில் கை பழைய பழக்கப்படி ரிமோட்டின் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தது. நேராகப் பறக்கும்போது பின்னால் இழுத்தால் விமானம் மேலே ஏறும். தலைகீழாக இருக்கும்போது அதே இழுப்பு அதைத் தரைக்குள் குத்திவிடும். பால்சா மரச் சிம்புகளை அரிசிப் பையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தப்பில் பாதி என்னுடையது. மீதி, அந்த விமானத்தின் பிறவிக் குணம். ட்ரெய்னரின் இறக்கைகள் நுனியில் சற்று உயர்ந்திருக்கும். ஒரு பக்கம் சாய்ந்து சறுக்கினால், தாழ்ந்த இறக்கையைக் காற்று அதிகக் கோணத்தில் தாக்கி மேலே தூக்கிவிடும். விமானம் தானாகவே நிமிரும். கற்றுக்கொள்பவருக்கு இது வரம். தலைகீழாக ஓட்ட நினைப்பவருக்கோ, தோளைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்கும் பெரியப்பா. போதாக்குறைக்கு இறக்கையின் அடிப்பக்கம் தட்டை, மேல்பக்கம் வளைவு. இந்த வடிவம் சுழியக் கோணத்திலேயே தூக்குவிசை தரும். கவிழ்த்துப் போட்டால் அதே குணம் எதிராக வேலை செய்யும்.

இங்கே ஒரு சின்னக் குறை சொல்லிக்கொள்கிறேன். இறக்கைக்கு மேலே போகும் காற்றுக்குப் பாதை நீளம், கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் சேரவேண்டும் என்பதால் வேகமாக ஓடுகிறது, அதனால்தான் தூக்குவிசை என்று பள்ளியில் நம்மில் பலருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சேரவேண்டும் என்று காற்றுக்கு யார் சொன்னது? காற்றுச் சுரங்கத்தில் புகை விட்டுப் பார்த்தால் மேலே போன காற்று முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்தக் கதை உண்மையென்றால், மேலும் கீழும் ஒரே வளைவுள்ள இறக்கையால் பறக்கவே முடியாது. ஆனால் சாகச விமானங்களுக்கு இருப்பது சரியாக அந்தச் சமச்சீர் இறக்கைதான். மூக்கைக் கொஞ்சம் உயர்த்தினால் காற்றைக் கீழே தள்ளி மேலே எழும்பும். கவிழ்த்துப் போட்டாலும் அதேதான்.

ஆகவே மகனுக்கு வாங்கும் விமானத்தில் மூன்றைப் பாருங்கள். ஒன்று, சமச்சீர் இறக்கை. இரண்டு, அந்த இறக்கை உடலின் நடுவிலோ சற்றுக் கீழேயோ, நுனி உயராமல் கிட்டத்தட்ட நேராக இருப்பது. மூன்று, விமானத்தைத் திருப்பும் மடல்களான அய்லரான் (இறக்கையில்), எலிவேட்டர், ரட்டர் (வாலில்) மூன்றும் தாராள அளவில் இருப்பது. இறக்கை நீளம் 1.4 முதல் 1.5 மீட்டர், எடை 2.5 கிலோவை ஒட்டி இருந்தால் போதும். உலகப் போட்டிகளில் எஃப்3ஏ என்ற ரேடியோ கன்ட்ரோல் சாகசப் பிரிவில் பறப்பவை 2 மீட்டர் வரை நீளமும் அகலமும், 5 கிலோ வரை எடையும் உள்ளவை. அவற்றின் விலையைப் பார்த்தால் இப்போதைக்கு அந்தப் பக்கம் போகமாட்டீர்கள்.

எஞ்சினுக்கு வருவோம். கடைக்காரர் குதிரைத்திறனைச் சொல்வார். அதைவிட முக்கியம், அந்தத் திறனை ப்ரொப்பெல்லர் எப்படிச் செலவழிக்கிறது என்பது. விநாடிக்கு 1 கிலோ காற்றை 20 மீட்டர் வேகத்தில் பின்னால் தள்ளினால் கிடைக்கும் உந்துவிசை 20 நியூட்டன். 2 கிலோ காற்றை 10 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் அதே 20 நியூட்டன்தான். ஆனால் முதலாவதற்கு 200 வாட் செலவு, இரண்டாவதற்கு 100 வாட். உந்தத்தில் வேகம் ஒரு தடவை பெருக்கப்படுகிறது, ஆற்றலில் இரண்டு தடவை, அவ்வளவுதான் சங்கதி. செங்குத்தாக ஏறவேண்டிய விமானத்துக்குப் பெரிய விட்டமும் குறைந்த பிட்ச்சும் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) உள்ள ப்ரொப்பெல்லர் வைப்பது இதனால்தான்.

ப்ரொப்பெல்லரில் 11-க்கு 6 என்று அச்சிட்டிருந்தால் விட்டம் 11 அங்குலம். ஒரு சுற்றுக்குத் திருகாணி மாதிரி 6 அங்குலம் முன்னேறும் என்று அர்த்தம். நிமிடத்துக்கு 12,000 சுற்றில், வழுக்கல் இல்லையென்று வைத்துக்கொண்டால், மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டர். நாம் சொல்லும் அளவு விமானத்துக்கு 46 அளவு டூ ஸ்ட்ரோக் க்ளோ எஞ்சின் பொருந்தும். 46 என்பது 0.46 கன அங்குலம், அதாவது 7.5 சிசி. ஸ்கூட்டர் எஞ்சின் இதைப்போல் பதினான்கு பதினைந்து மடங்கு பெரியது.

இந்த எஞ்சினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. இதில் தீப்பொறி கிடையாது. காயில் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. சிலிண்டர் தலையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு க்ளோ ப்ளக். கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால் சின்னக் குழிக்குள் முடி மாதிரி ஒரு கம்பிச் சுருள். 1.5 வோல்ட் பேட்டரியின் கிளிப்பை மாட்டினால் சுருள் ஆரஞ்சு நிறத்தில் கனலும். எஞ்சின் கிளம்பியதும் கிளிப்பைக் கழற்றிவிடுவோம். விமானத்தில் பற்றவைப்பதற்கென்று ஒரு பேட்டரியும் இல்லை. ஆனாலும் விநாடிக்கு 200 தடவை எரிபொருள் தவறாமல் பற்றிக்கொள்கிறது. எப்படி?

அந்தக் கம்பி பிளாட்டினம் கலந்தது. எரிபொருளில் பெரும்பகுதி மெதனால். மெதனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் வந்து ஒட்டும்போது அதன் ஹைட்ரஜன் அணுக்கள் பிணைப்பு தளர்ந்து, பக்கத்திலேயே ஒட்டியிருக்கும் ஆக்சிஜனோடு சேர்கின்றன. சுடர் இல்லாத எரிதல். வெளிப்படும் வெப்பம் நேராகக் கம்பிக்கே போகிறது. கம்பி சூடாக இருப்பதால் வினை இன்னும் வேகமாக நடக்கிறது. பிளாட்டினமோ செலவாவதே இல்லை. முந்தைய வெடிப்பின் மிச்சச் சூடும், பிஸ்டன் மேலே வந்து கலவையை அழுத்தும்போது ஏறும் சூடும் இதோடு சேர, சரியாகப் பிஸ்டன் உச்சியை நெருங்கும் தருவாயில் மொத்தமும் பற்றிக்கொள்கிறது. எப்போது பற்றவேண்டும் என்று சொல்ல ஆளே இல்லாமல் வேதியியலே நேரம் பார்த்துக்கொள்கிறது. பெட்ரோலை ஊற்றினால் இந்த வித்தை நடக்காது. பிளாட்டினத்தின் மேல் அது மெதனால் அளவுக்குச் சுலபமாக எரிவதில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் விமானத்தைக் கனவிலும் கண்டவர் இல்லை. 1817-இல் லண்டனில் ஹம்ப்ரி டேவி, சுரங்கத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விளக்கை ஒட்டிச் சோதனைகள் செய்துகொண்டிருந்தார். எரிவாயுவும் காற்றும் கலந்த கலவைக்குள் சூடான பிளாட்டினம் கம்பியை விட்டால், சுடரே இல்லாமல் அது கனன்றுகொண்டே இருப்பதைப் பார்த்தார். ஆல்கஹால் ஆவியிலும் அப்படியே. 1823-இல் ஜெர்மனியில் டோபரைனர், பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜனைப் பாய்ச்சித் தீக்குச்சி இல்லாமல் பற்றும் விளக்கு செய்தார். அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1947-இல் அமெரிக்காவில் ரே ஆர்டன் இதை மாடல் எஞ்சினின் தலையில் திருகினார். அதுவரை காயிலையும் கண்டன்சரையும் பேட்டரியையும் சுமந்து திணறிய குட்டி விமானங்களுக்கு ஒரே நாளில் எடை குறைந்தது. டேவி இன்று வந்து ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால், 'மூன்று வருஷத்துக்குள் சந்தைக்கு வருமா?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது என் தனிப்பட்ட வயிற்றெரிச்சல்.

வாக்களித்த விளக்கெண்ணெய் இங்கேதான் வருகிறது. டூ ஸ்ட்ரோக்கில் மசகும் எரிபொருளோடு கலந்தே போகவேண்டும். மெதனாலில் நன்றாகக் கரைந்து, கடும் சூட்டிலும் உலோகத்தின் மேல் படலமாக நிற்பது நம் ஆமணக்கு எண்ணெய். எண்ணெய் இல்லாத மெதனாலை ஊற்றினால் சில நிமிஷத்தில் எஞ்சின் இறுகிவிடும். எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு வரை எண்ணெய்தான். இப்போது செயற்கை எண்ணெயும் கலக்கிறார்கள். மிச்சம் கொஞ்சம் நைட்ரோமீத்தேன். அது தன் ஆக்சிஜனைத் தானே கொண்டுவரும். மைதானத்தில் பறந்துவிட்டு வந்தால் விமானத்தின் வயிறு முழுக்கப் பிசுபிசுப்பு, சட்டையில் ஒரு வாசனை. வீட்டில் உள்ளவர்களுக்கு அது பிடிக்காது.

தலைகீழாகும்போது எரிபொருள் எப்படி வரும் என்று கேட்பீர்கள். டேங்குக்குள் வளையும் ரப்பர் குழாயின் நுனியில் ஒரு குட்டிப் பித்தளைக் குண்டு கட்டியிருக்கும். எரிபொருள் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமே குண்டும் விழும். ஆனால் செங்குத்தாக ஏறும்போது டேங்க் எஞ்சினுக்குக் கீழே போய்விடுவதால் வரத்து கொஞ்சம் குறையும். எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் பற்றும் நேரம் முந்தும், முந்தினால் சூடு இன்னும் ஏறும். அதனால் பறக்கவிடும் முன் ஒரு சோதனை. முழு த்ராட்டிலில் உச்சச் சுற்று வரும்வரை, எரிபொருள் வரத்தைக் கட்டுப்படுத்தும் ஊசியைத் திருகிவிட்டு, அதிலிருந்து சில க்ளிக் திரும்பத் திறக்கவேண்டும். பிறகு விமானத்தை இறுகப் பிடித்து மூக்கை வானத்துக்குத் தூக்கிக் காதைக் கொடுக்கவேண்டும். சத்தம் சற்று உயர்ந்தால் சரி. தொய்ந்தால் இன்னும் திறக்கவேண்டும். எங்கள் மைதானத்தில் ஒருவர் புது விமானத்தின் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார். இந்தச் சோதனையையும் ரிமோட்டின் ரேஞ்ச் சோதனையையும் செய்யமாட்டார். மூன்று விமானம் போயிருக்கிறது. திருஷ்டி என்கிறார்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு, உங்கள் மகனுக்கு நான் சொல்வது எலெக்ட்ரிக்தான். 2024-இல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தோடு கலந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது இதே மெதனால். அதை வாங்கவும் வைத்திருக்கவும் கட்டுப்பாடு உண்டு, இருக்கவும் வேண்டும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. பையன் இருக்கும் வீட்டில் அது வேண்டாம். எலெக்ட்ரிக்கில் இருக்கும் பிரஷ்லெஸ் மின்மோட்டாருக்குக் கணக்கும் சுலபம்: சாகச விமானத்துக்குக் கிலோவுக்கு 350 முதல் 450 வாட். 2.5 கிலோவுக்கு ஏறக்குறைய 1000 வாட். செங்குத்தாக ஏறினாலும் தலைகீழானாலும் அதே இழுப்பு. உலகப் போட்டிகளிலும் இப்போது பெரும்பாலும் இதுதான். அதன் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை மட்டும் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

பறக்கும் இடம், ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பச்சை மண்டலமா (முன் அனுமதி தேவைப்படாத பகுதியா) என்று பாருங்கள். அங்கே பொதுவாக 120 மீட்டர் வரை பறக்கலாம். முதல் தலைகீழ்ப் பறத்தலை 100 மீட்டர் உயரத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாதி ரோல் முடிந்ததும் ஸ்டிக்கை மெல்ல முன்னால் தள்ளவேண்டும். பின்னால் அல்ல. ரிமோட்டின் மேலேயே ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள். நான் அடுத்த விமானத்துக்கு அப்படித்தான் செய்தேன்.