தகட்டை மடித்து ஆறு மாடி ஹோட்டல்

அமெரிக்காவில் விமான நிலையங்களையும் நெடுஞ்சாலைகளையும் ஒட்டி ஐந்து, ஆறு மாடி ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும். எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு: நடுவில் நடை, இருபக்கமும் அறைகள். அவற்றில் சிலவற்றின் சுவரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கான்கிரீட் தூணும் இருக்காது, கனமான இரும்பு பீமும் இருக்காது. நம்மூரில் ஃபால்ஸ் சீலிங்கும் ஆபீஸ் பார்ட்டிஷனும் போட வருகிறவர்கள் கட்டுக்கட்டாக இறக்குவார்களே ஜி.ஐ. சேனல், கையால் முறுக்கினாலே திருகிக்கொள்ளுமே, அந்த இனத்தைச் சேர்ந்த ஒன்றுதான் மேலே உள்ள எல்லா மாடிகளையும் தாங்கிக்கொண்டிருக்கும். தடிமன் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

கோல்ட் ஃபார்ம்ட் ஸ்டீல் என்று இதற்குப் பெயர். தண்டவாளம், ஐ பீம் போன்றவற்றை இரும்பு செக்கச்செவேலென்று பழுத்திருக்கும்போதே உருட்டி உருவாக்குகிறார்கள். இதில் சூடே கிடையாது. துத்தநாகம் பூசிய தகட்டுச் சுருளை வேண்டிய அகலத்துக்குக் கிழித்து, வரிசையாக நிற்கும் உருளைகளுக்கு நடுவே விடுவார்கள். ஒவ்வொரு ஜோடி உருளையும் கொஞ்சம் கொஞ்சமாக மடிக்க, மறுமுனையில் 'ப' வடிவத்தில் சட்டம் வெளியே வரும். செங்குத்தாக நிற்பது ஸ்டட்; அதன் தலையிலும் காலிலும் படுத்திருக்கும் சட்டம் ட்ராக்.

ஸ்டட்டின் மேல் 600எஸ்162-54 என்பது போல ஒரு குறி இருக்கும். 6 இன்ச் ஆழம், 1.62 இன்ச் பக்கம், ஒரு இன்ச்சில் ஆயிரத்தில் 54 பங்கு தடிமன் என்று படிக்க வேண்டும். மில்லிமீட்டரில் 1.37. பத்தடி நீள ஸ்டட்டின் எடை 9 கிலோவைத் தாண்டாது. ஒரு ஆள் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறிவிடலாம்.

சரி, இவ்வளவு மெல்லிய தகடு எப்படி மாடிகளைத் தாங்குகிறது? எஃகின் வலிமையில் குறை ஒன்றும் இல்லை. இந்த வகைத் தகடு 345 மெகாபாஸ்கல் அழுத்தம் வரை நிரந்தரமாக உருக்குலையாது. ஆனால் மெல்லிய தகடு அந்த எல்லையைத் தொடுவதற்கு வெகு முன்பே பக்கவாட்டில் நெளிந்துவிடும். பொறியாளர்கள் பக்கிளிங் என்று சொல்வது இதைத்தான். ஒரு தட்டையான தகடு எந்த அழுத்தத்தில் நெளியும் என்பது, தடிமனை அகலத்தால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. மேலே சொன்ன ஸ்டட்டின் 6 இன்ச் முதுகு, தன் தடிமனைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு அகலம். கணக்குப் போட்டால் சுமார் 70 மெகாபாஸ்கலிலேயே அது நெளிய ஆரம்பித்துவிடும், அதாவது எஃகின் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கில்.

இங்கேதான் மடிப்பு காப்பாற்றுகிறது. தகரக் கூரையில் ஆள் நடக்கலாம், அதே தகரத்தை நெளிவில்லாமல் தட்டையாகப் போட்டால் நடக்க முடியாது, அதே சங்கதிதான். முதுகின் நடுப்பகுதி நெளிந்து தன் பங்குச் சுமையைக் கைவிட்டாலும், சுமை மூலைகளுக்கு நகர்ந்துவிடும். மூலையில் தகடு மடிந்திருப்பதால் அது அசைய மறுக்கும். ஆக, நெளிவு தொடங்குவது தோல்வி ஆகாது. நெளிந்த பிறகும் ஸ்டட் நிறையவே தாங்கும். 1932-இல் விமானப் பொறியியல் அறிஞர் ஃபான் கார்மன் இதற்கு ஒரு வழி சொன்னார்: நடுப்பகுதியை இல்லை என்றே வைத்துக்கொள், மூலையை ஒட்டிய பட்டைகள் மட்டுமே வேலை செய்வதாகக் கணக்குப் போடு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் விண்டர் ஏராளமான சோதனைகள் செய்து அதை நடைமுறைச் சூத்திரமாக மாற்றினார். அதன் அடிப்படையில்தான் 1946-இல் அமெரிக்க இரும்பு எஃகு நிறுவனத்தின் முதல் விதித்தொகுப்பு வந்தது.

'ப'வின் இரு நுனிகளிலும் உள்நோக்கி அரை இன்ச் உதடு மடித்திருப்பார்கள். பார்க்க அலங்காரம் மாதிரி இருக்கும், ஆனால் அது இல்லாவிட்டால் பக்கத் தகடு முதலில் விரிந்து ஸ்டட்டே சாய்ந்துவிடும்.

இதையெல்லாம் கடந்தும் ஒரு பலவீனம் மிச்சம். 6 இன்ச் ஆழ வாக்கில் ஸ்டட் விறைப்பானது, 1.62 இன்ச் வாக்கில் ரொம்ப நோஞ்சான். தனியாக நிறுத்திச் சுமை ஏற்றினால் அந்தப் பக்கமாக வளைந்து, கூடவே திருகியும் கொள்ளும். அதனால் ஸ்டட்டின் முதுகில் உள்ள துளைகள் வழியாகச் சின்னச் சேனல் ஒன்றைச் சுவர் நெடுக ஓட்டி, ஒவ்வொரு ஸ்டட்டோடும் கிளிப் வைத்து ஸ்க்ரூ அடிப்பார்கள், உயரத்தில் ஏறக்குறைய 4 அடிக்கு ஒன்று. பின்னால் ஜிப்சம் போர்டு வந்து இரு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் போர்டு ஏறுவதற்கு முன்பே மேல் மாடிகள் ஏறிவிடும். கட்டி முடித்த கட்டடத்தைவிடப் பாதி கட்டிய கட்டடத்துக்குத்தான் ஆபத்து அதிகம். இந்தச் சேனலை 'அப்புறம் போட்டுக்கொள்ளலாம்' என்று விடுகிற தளத்துக்குள் நான் போக மாட்டேன்.

இன்னொரு கண்டிப்பு, சுமை நேர்கோட்டில் இறங்க வேண்டும் என்பது. மேல்மாடி ஸ்டட், அதன் கீழே ஜாயிஸ்ட் (தளத்தைத் தாங்கும் படுக்கைச் சட்டம்), அதன் கீழே கீழ்மாடி ஸ்டட், மூன்றும் முக்கால் இன்ச்சுக்கு மேல் விலகக் கூடாது. ட்ராக் வெறும் தகடுதானே, நடுவில் சுமை விழுந்தால் தொய்ந்துவிடும். விலகல் தவிர்க்க முடியாத இடங்களில் சுமையைப் பகிர்ந்து இறக்கத் தனியாக ஒரு கனமான சட்டம் வைக்க வேண்டும். ஸ்டட்டின் நுனிக்கும் ட்ராக்கின் அடிக்கும் நடுவே அதிகபட்சம் 3 மி.மீ. இடைவெளிதான் விடலாம். ஒரு மாடியில் 3 மி.மீ. பெரிய விஷயமில்லை; ஆனால் சுமை ஏற ஏற ஒவ்வொரு மாடியிலும் அந்த இடைவெளி மூடும், ஆறு மாடிக்கும் சேர்த்தால் கட்டடம் கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் இறங்கி, ஜிப்சத்தில் விரிசலும் குழாயில் இழுவிசையும் வரும். ஆகவே தொழிற்சாலையில் பேனலாகக் கோக்கும்போதே அழுத்திப் பிடித்து ஸ்க்ரூ அடித்துவிடுவார்கள்.

ஹோட்டலுக்கு ஏன் இது இவ்வளவு பொருந்துகிறது? அறைகள் ஏறக்குறைய 12, 13 அடி அகலம். இரண்டு அறைகளுக்கு நடுவே எப்படியும் சத்தம் தடுக்க, தீ தடுக்க நல்ல சுவர் ஒன்று வேண்டும். அந்தச் சுவரையே சுமை தாங்கியாக்கிவிட்டால் தனித் தூண் தேவையில்லை. தளம் தாண்ட வேண்டிய தூரமும் அந்த 12, 13 அடிதான். அறைக்கு மேல் அறை, குளியலறைக்கு மேல் குளியலறை என்று எல்லா மாடியும் ஒன்றுபோல இருப்பதால் சுவர்கள் தாமாகவே ஒன்றன்மேல் ஒன்று வந்துவிடும். எல்லா மாடியிலும் ஸ்டட்டின் ஆழம் 6 இன்ச்தான், தடிமன் மட்டும் கீழே போகப் போகக் கூடும். தடிமனுக்கு ஒரு நிறம் வைத்திருக்கிறார்கள், 43 மஞ்சள், 54 பச்சை, 68 ஆரஞ்சு, 97 சிவப்பு. அடி மாடியில் சிவப்பு நெருக்கமாக நிற்கும், உச்சி மாடியில் மஞ்சள் இரண்டு அடிக்கு ஒன்றாக நிற்கும். பேனல்கள் லாரியில் வர வர கிரேன் தூக்கி வைக்கும். கான்கிரீட் இறுகக் காத்திருந்து, கீழே முட்டுக் கொடுத்து, பிறகு அடுத்த மாடி என்ற வரிசை இல்லை. கடனுக்கு வட்டி கட்டும் முதலாளிக்கு ஹோட்டல் சில வாரம் முன்னால் திறப்பது நேரடியாகக் காசு.

லாபியும் விருந்து மண்டபமும் மட்டும் இந்த ஆட்டத்துக்கு வராது. அங்கே 12 அடிக்கு ஒரு சுவரை யார் விடுவார்கள்? எனவே தரைத்தளத்தைக் கான்கிரீட்டில் போடியமாக, அதாவது ஒரு மேடை போலக் கட்டி, தடித்த ஸ்லாப் போட்டு, அதன் மேல்தான் தகட்டு மாடிகளை நிறுத்துகிறார்கள். இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: பத்து வருடம் கழித்து இரண்டு அறையை இடித்து ஒரு சூட் ஆக்கலாம் என்று நினைக்கும் முதலாளி இந்தப் பக்கமே வரக் கூடாது. அவர் இடிக்க நினைக்கும் சுவர்தான் மேலே உள்ளவர்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் இதற்குப் போட்டி மரச்சட்டம். மரம் மலிவு. ஆனால் தீப்பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் ஸ்ப்ரிங்க்ளர் வைத்தாலும் மரச்சட்ட ஹோட்டலுக்கு வழக்கமாக நாலைந்து மாடிதான் அனுமதி. லாஸ் ஏஞ்சலஸில் 2014 டிசம்பரில் டா வின்சி என்ற மரச்சட்டக் குடியிருப்பு, கட்டி முடிவதற்குள்ளேயே எரிந்து பெரும்பகுதி போய்விட்டது. தகடு எரியாது. எரியாதே தவிர, மெல்லியது என்பதால் மளமளவென்று சூடாகும். 500, 550 டிகிரியில் வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடும். காவல் ஜிப்சம் போர்டுதான். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதன் படிகத்துக்குள் பிணைந்த நீர். அந்த நீர் வெளியேறித் தீரும் வரை போர்டின் மறுபக்கம் 100 டிகிரி பக்கத்திலேயே நிற்கும். பக்கத்துக்கு ஒரு அடுக்கு என்றால் சுமார் ஒரு மணி நேரம், இரண்டு அடுக்கு என்றால் இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரத் தடுப்பு இருந்தால் எஃகுச் சட்டத்துக்குப் பன்னிரண்டு மாடி வரை விதி இடம் கொடுக்கிறது.

சத்தம்தான் கொஞ்சம் வம்பு. மெல்லிய ஸ்டட் ஸ்பிரிங் மாதிரி நெகிழ்ந்து ஒலியை விழுங்கும். சுமை தாங்கும் தடித்த ஸ்டட் விறைப்பானது, பக்கத்து அறை டி.வி.யை அப்படியே கடத்திவிடும். போர்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே நெகிழும் சேனல் ஒன்று கொடுத்து இரண்டையும் பிரித்து வைப்பார்கள். அவசரத்தில் யாராவது நீள ஸ்க்ரூவை அந்தச் சேனலையும் தாண்டி ஸ்டட்டுக்குள் இறக்கிவிட்டால் அந்த ஏற்பாடு அங்கேயே வீண்.

நிலநடுக்கம் வரும் ஊர்களில், சுவர் சாய்சதுரமாகச் சரியாமல் இருக்க முகத்தில் எஃகுத் தகட்டை அடிக்கிறார்கள் அல்லது குறுக்கே பட்டை கட்டுகிறார்கள். சுவரின் ஓரம் மேலே எழும்பாமல் இருக்க அடியிலிருந்து உச்சி வரை ஒரு கம்பி ஓடும், மாடிக்கு மாடி நட்டு போட்டு இறுக்கியிருப்பார்கள். 2016-இல் சான் டியேகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அதிர்வு மேடையில் ஆறு மாடித் தகட்டுக் கட்டடம் ஒன்றை நிறுத்தி ஆட்டினார்கள், பிறகு சில அறைகளில் தீ வைத்தார்கள், அப்புறம் மறுபடி ஆட்டினார்கள். அமெரிக்க விதி கடும் நிலநடுக்கப் பகுதிகளில் இந்தச் சுவர்களுக்கு 65 அடி உயரம்தான் தருகிறது, அதாவது ஆறு மாடி. 2025-இல் அதே மேடையில் பத்து மாடியை ஏற்றி ஆட்டினார்கள், அந்த 65 அடியை உயர்த்தலாமா என்று பார்க்க.