அலர்ட்: எச்சரிக்கையா, உஷாரா, விழிப்பா?

மழைக்காலத்தில் டிவி முழுக்க ரெட் அலர்ட், ஆரஞ்சு அலர்ட். சென்னை மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுப் பக்கம் வந்தால், புயல் எச்சரிக்கைக் கூண்டைத்தான் விசாரிப்பார்கள்: "கூண்டு ஏத்திட்டாங்களா, எத்தினியாம் நம்பரு?" என்று கேட்பார்கள், இல்லாவிட்டால் "உஷாரா இருப்பா".

இந்த அலர்ட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில், அலர்ட் ஆங்கிலத்துக்கே இரவல் சொல்தான். இத்தாலிய மொழியில் 'எர்த்தா' என்றால் செங்குத்தான மேடு. மேட்டில் ஏறிக் காவல் பார் என்று படைவீரனுக்குக் கொடுத்த குரல் 'ஆல்லெர்த்தா', அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அலர்ட் ஆனது. நம்ம உஷார் பாரசீகம். 'ஹோஷ்' என்றால் சுயநினைவு. சரி, எச்சரிக்கையாவது தமிழ்தானே என்றால், அதுவும் அக்கம்பக்கத்துச் சரக்கு. கன்னடத்தில் 'எச்சர' என்றால் விழிப்பு, தெலுங்கில் 'எச்சரிக'. அரசர் வரும்போது கட்டியக்காரன் "எச்சரிக்கை!" என்று கூவியதும் இதைத்தான். தனித்தமிழ்தான் வேண்டும் என்றால் விழிப்பு, விழிப்பூட்டல். ஆனால் எச்சரிக்கை நம் வாயில் ஊறிப்போன சொல், அதைத் துரத்த வேண்டியதில்லை என்பது என் கட்சி.

எதைச் சொன்னாலும் 'கணிப்பு' என்று மட்டும் சொல்லாதீர்கள். கணிப்பு என்பது என்ன நடக்கும், எப்போது நடக்கும் என்று சொல்வது. எச்சரிக்கை என்பது கண்ணைத் திறந்து வை என்பது. அலர்ட் பிறந்த அதே இத்தாலியில் இந்த வித்தியாசம் கோர்ட்டு வரை போனது. லாக்விலா நகரத்தில் மாதக்கணக்கில் சின்னச் சின்ன அதிர்வுகள், ஜனங்களுக்குப் பயம். 2009 மார்ச் 31 அன்று நிபுணர் குழு கூடியது. அதையொட்டி பேரிடர்த் துறையின் துணைத் தலைவர் டிவியில், ஆபத்தில்லை, நிம்மதியாக ஒரு கிளாஸ் ஒயின் குடிக்கலாம் என்கிற தொனியில் பேசினார். அந்த ஊரில் நிலம் ஆடினால் வெளியே போய்ப் படுப்பது பழைய வழக்கம். இந்தப் பேச்சை நம்பிச் சிலர் வீட்டுக்குள்ளேயே படுத்தார்கள். ஏப்ரல் 6 விடியற்காலை 6.3 அளவில் நிலநடுக்கம், 300 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

2012இல் அந்தக் கூட்டத்தில் இருந்த, அவரோடு சேர்த்து ஏழு பேருக்கும் ஆறாண்டுச் சிறை. விஞ்ஞானிகள் கணிக்கத் தவறியதால் தண்டனை என்றே பலரும் இன்னும் பேசுகிறார்கள். நிலநடுக்கத்தை இன்ன நாள், இன்ன நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது, வழக்கும் அதைப் பற்றியது இல்லை; பயப்பட வேண்டாம் என்று தேற்றியதுதான் குற்றச்சாட்டு. 2014இல் மேல்முறையீட்டில் ஆறு பேர் விடுதலை, அந்தத் துணைத் தலைவருக்கு மட்டும் இரண்டாண்டு. அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

ஆக, வழக்கில் மாட்டிய சொல் கணிப்பும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஆறுதல்.

அப்புறம் அந்தக் கூண்டு. துறைமுகத்தில் மொத்தம் 11 எண்கள். 10 என்றால் பேராபத்து. 11 அதைவிடப் பெரிய புயல் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லையாம், வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமாகலாம் என்று இங்கே இருக்கும் அதிகாரிக்குப் படுகிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.