மீன்சட்டியும் யிஷிங் கெண்டியும்

மீன்குழம்புச் சட்டியில் யாரும் பாயசம் காய்ச்ச மாட்டார்கள். எத்தனை முறை தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாலும் மண்சட்டிக்குள் வாசம் கொஞ்சம் தங்கிவிடும் என்பது நம் வீடுகளில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்த சங்கதி. அதனால்தான் மீனுக்குத் தனிச் சட்டி. அதனால்தான் புதுச்சட்டியை அரிசி கழுநீர் ஊற்றிப் பழக்கிவிட்டு அடுப்பில் ஏற்றுகிறோம். சீனாவின் யிஷிங் ஊர்க் களிமண் கெண்டியில் தேநீர் போடுகிறவர்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார்கள். ஊலாங் தேயிலைக்கு ஒரு கெண்டி, பு-அர் தேயிலைக்கு வேறொன்று, ஒன்றில் போட்டதை மற்றதில் போடக் கூடாது.

இன்னும் ஒரு படி மேலே போய், பல வருடம் பழகிய கெண்டியில் வெறும் வெந்நீர் ஊற்றினாலே தேநீர் வரும் என்றும் சொல்வார்கள். என்னிடம் நான்கு கெண்டிகள் இருக்கின்றன. மூத்ததற்கு எட்டு வருடப் பழக்கம், அதில் ஊலாங் தவிர வேறெதுவும் போட்டதில்லை. வெறும் வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். வந்தது வெந்நீர்தான், ஆனால் மெல்லிய ஒரு வாசத்தோடு. அந்த வாசம் உண்மை. அதைத் தேநீர் என்பது மிகை. அதே சமயம், கெண்டி தேநீரை மாற்றுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எல்லோரும் மண்ணின் நுண்துளைகளைக் காட்டுகிறார்கள். என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய காரணம் சூடு.

முதலில் அந்த மண்ணைப் பார்த்துவிடலாம். ஷாங்காய்க்கு மேற்கே, தாய் ஏரியின் மேற்குக் கரைப்பக்கம், ஜியாங்சு மாகாணத்தில் இருக்கிறது யிஷிங். அதன் திங்ஷு ஊர்தான் குயவர்களின் இடம். அங்கே ஹுவாங்லோங் மலையிலிருந்து எடுத்த மண்ணுக்கு ‘ஸிஷா’ என்று பெயர், ஊதா மணல் என்று பொருள். மண் என்று சொன்னாலும் அது குளத்து வண்டல் மாதிரி கொழகொழவென்று இருப்பதில்லை. பாறையாகத்தான் வெட்டி எடுப்பார்கள். அதை வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், போட்டுவைத்தால் தானாகப் பொடிந்து உதிரும். அப்புறம் அரைத்து, சலித்து, தண்ணீர் சேர்த்துப் பிசைந்து மறுபடியும் ஊறவைப்பார்கள். குவார்ட்ஸ், கயோலின், மைக்கா, கூடவே நிறைய இரும்பு ஆக்சைடு, இவைதான் அதில் இருப்பவை. கெண்டியின் சிவப்பும் பழுப்பும் ஊதாவும் பெரும்பாலும் அந்த இரும்பின் கைவேலை. ஒரே மண்ணைக் கூடுதல் சூட்டில் சுட்டால் நிறம் கருத்துவரும்.

நம் ஊர்ப் பானையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் நன்றாகப் புரியும். பானையைக் குறைந்த சூட்டில் சுடுகிறோம். அதன் துளைகள் ஒன்றோடொன்று தொடர்ந்து வெளிப்புறம் வரை திறந்திருக்கும். தண்ணீர் கசிந்து வெளியே வந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. யிஷிங் கெண்டியை 1100 முதல் 1200 டிகிரி செல்சியஸ் வரை சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் மண்ணின் ஒரு பகுதி கண்ணாடி போல உருகி, துகள்களை ஒட்டவைத்துவிடும். துளைகள் மிச்சம் இருக்கும், ஆனால் பலவும் உள்ளேயே அடைபட்டு நிற்கும். அதனால் மெருகுப்பூச்சு எதுவும் இல்லாமலேயே கெண்டி கசியாது. கையில் எடுத்தால் பீங்கானின் வழவழப்பும் இருக்காது, பானையின் சொரசொரப்பும் இருக்காது.

இதைச் சக்கரத்தில் வனைவதில்லை என்பது எனக்கு முதலில் நம்பமுடியாததாக இருந்தது. மண்ணைத் தட்டையாகத் தட்டி, பட்டையாக நறுக்கி, வளைத்து உருளையாக்கி, பிறகு மரப்பலகையால் மேலும் கீழும் தட்டித் தட்டியே உருண்டை வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். மூக்கும் கைப்பிடியும் தனித்தனியே செய்து ஒட்டுபவை. ‘ஜூனி’ என்ற சிவப்பு மண் சுடும்போது மிகவும் சுருங்கும், 20 சதவீதத்துக்கு மேல்கூட. அப்படிச் சுருங்கும்போது பல கெண்டிகள் கோணிப்போகும், விரிசல் விடும். நல்ல ஜூனி கெண்டி விலை அதிகமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தக் கெண்டிகள் பிறந்ததற்குப் பின்னால் ஓர் அரசாணை இருக்கிறது. அதற்கு முன் சீனாவில் தேயிலையை அழுத்தி வில்லைகளாக்கி, பொடித்து, கிண்ணத்தில் அடித்துக் கலக்கிக் குடித்தார்கள். 1391-ல் மிங் வம்சத்தின் முதல் பேரரசர், அரண்மனைக்கு வில்லைத் தேயிலை அனுப்ப வேண்டாம், உதிரி இலையே போதும் என்று உத்தரவிட்டார். உதிரி இலை என்றால் வெந்நீரில் ஊறவைத்து வடிக்க வேண்டும். அதற்கு மூக்கு வைத்த பாத்திரம் வேண்டும். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குங்சுன் என்ற பணியாள் ஒரு கோயில் துறவியிடம் பார்த்துக் கற்று யிஷிங் மண்ணில் கெண்டி செய்தான் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. காலம் உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய கெண்டி, நான்ஜிங்கில் 1533-ஆம் ஆண்டுக் கல்லறை ஒன்றில், வூ ஜிங் என்ற அரண்மனை அதிகாரியோடு புதைக்கப்பட்டிருந்தது. அது ஏறக்குறைய 18 செ.மீ. உயரம், மேலே வளைந்த பிடி. ஒரு குடும்பமே குடிக்கலாம். கைக்குள் அடங்கும் சின்னக் கெண்டி அதற்குப் பிறகு, ஷி தாபின் என்ற குயவரின் காலத்தில்தான் மதிப்புப் பெற்றது. 17-ஆம் நூற்றாண்டில் இவை தேயிலையோடு ஐரோப்பாவுக்கும் கப்பலேறின. ஹாலந்திலும் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் சிவப்புக் கெண்டியைப் பார்த்துச் செய்ய முயன்றார்கள்.

சரி, சூட்டுக்கு வருவோம். 120 மி.லி. கொள்ளும் கெண்டி ஒன்று, எடை 150 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் தண்ணீரை 1 டிகிரி சூடேற்ற ஆகும் வெப்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் ஒரு கிராம் சுட்ட மண்ணுக்குப் போதும். அப்படியானால் அந்த 150 கிராம் மண், 30 கிராம் தண்ணீருக்குச் சமம். அறைச் சூட்டில் 30 டிகிரியில் இருக்கும் கெண்டிக்குள் 100 டிகிரி கொதிநீரை ஊற்றினால் இரண்டும் சேர்ந்து 86 டிகிரிக்கு வந்து நிற்கும். காற்றில் போகும் வெப்பத்தை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றினோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், இலைக்குக் கிடைத்தது அதைவிட 14 டிகிரி குறைவு! முதலில் ஒரு முறை வெந்நீர் ஊற்றிக் கொட்டி, கெண்டியை 85 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டு ஊற்றினால் அதே கணக்கில் 97 டிகிரி கிடைக்கும். கெண்டிக்கு முதல் வெந்நீர் ஊற்றிக் கொட்டுவதைச் சடங்கு என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் தேநீர் சப்பென்று இருப்பதற்கு இலையைக் குறைசொல்வார்கள்.

ஏன் அந்த 11 டிகிரி இவ்வளவு முக்கியம்? இலையிலிருந்து எல்லாம் ஒன்றாக இறங்குவதில்லை. இனிமையான சாறுச்சுவை தரும் அமினோ அமிலங்கள் கொஞ்சம் ஆறிய நீரிலும் சுலபமாகக் கரைந்துவிடும். துவர்ப்பும் கசப்பும் தரும் கேட்டச்சின்கள் சூடு ஏற ஏற அதிகம் இறங்கும். ஊலாங்கின் கனமான வாசப்பொருள்கள் வெளிவரவும் நல்ல சூடு வேண்டும். லோங்ஜிங் போன்ற பச்சைத் தேயிலையை 80 டிகிரி அளவிலேயே போடுவது அந்தக் கசப்பை அடக்கத்தான். மூடிய, சூட்டைப் பிடித்துவைக்கும் மண்கெண்டிக்குள் அதைப் போட்டால் இலை வெந்துபோன கீரை வாசம் அடிக்கும். பச்சைத் தேயிலைக்குக் கண்ணாடி டம்ளரோ மெல்லிய பீங்கானோ போதும், அதற்காக யிஷிங் கெண்டி வாங்க வேண்டியதில்லை என்பது என் முடிவு. யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

பு-அர், குறிப்பாக 1973-ல் குன்மிங் ஆலையில் உருவான குவித்துப் புளிக்கவைக்கும் முறையில் செய்கிற கறுப்பு வகை, எவ்வளவு சூட்டையும் தாங்கும். அதற்குக் கனமான சுவர், அகலமான வயிறு. சுருட்டி உருண்டையாக்கிய தியெகுவான்யின் ஊலாங் ஊறும்போது பல மடங்கு விரியும், அதனால் உள்ளே இடமுள்ள உருண்டைக் கெண்டி. வூயி மலை ஊலாங் நீளநீளமான இலை, அதைத் திணித்து உடைக்காமல் போட வாய் அகன்ற தட்டைக் கெண்டி வசதி. யிஷிங்காரர்கள் தங்கள் ஊரிலேயே விளையும் சிவப்புத் தேநீரை (நாம் கறுப்புத் தேயிலை என்கிறோமே, அது) தங்கள் கெண்டியிலேயே போட்டுக் குடிக்கிறார்கள். ஆக, இந்தக் கெண்டி இந்தத் தேயிலைக்கு என்ற பட்டியல்களில் பாதிக்கு மேல் சூடும் வடிவமும்தான் பேசுகின்றன.

தியெகுவான்யின் விளையும் ஃபுஜியன் கரையோரப் பேச்சில் தேயிலைக்குத் ‘தே’ என்று பெயர். நம் ‘தேயிலை’யின் முதல் பாதி அங்கிருந்து வந்ததுதான்.

தெற்கே சாவ்சோ மக்கள், சிங்கப்பூரில் தியோச்சு என்கிறோமே, அவர்கள் தேநீர் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் சூட்டைப் பற்றி அவர்களுக்கு எவ்வளவு கவலை என்று தெரியும். என் முதல் கெண்டியை நான் வாங்கியதே அப்படி ஒரு பெரியவர் போட்ட தேநீரைக் குடித்துவிட்டுத்தான். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய கெண்டி. அதில் முக்கால்வாசிக்கு உலர்ந்த இலையைப் போட்டார். கொதிநீரை வழிய வழிய ஊற்றினார், நுரையை மூடியால் வழித்துத் தள்ளினார், மூடினார், பிறகு கெண்டியின் தலைமேலேயே இன்னொரு சுற்றுக் கொதிநீர் ஊற்றினார். கெண்டியின் மேல் ஈரம் பளபளத்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடியின் மேலிருந்து ஈரம் சுருங்கிக் காய ஆரம்பித்ததும் தூக்கி, மூன்று கிண்ணங்களின் மேல் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஊற்றினார். சுவர் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஈரம் காயும். கடிகாரமும் வெப்பமானியும் அவருக்கு அந்த ஈரம்தான்.

கெண்டி சின்னதாக இருப்பதற்கும் விலை உண்டு. உருண்டை என்று வைத்துக்கொண்டால், 100 மி.லி. கெண்டியில் ஒவ்வொரு மி.லி. தேநீருக்கும் ஏறக்குறைய 1 சதுர செ.மீ. சுவர் இருக்கிறது. 1 லிட்டர் கெண்டியில் அதில் பாதிதான். சுவர் அதிகம் என்றால் சூடு வேகமாகப் போகும், அதனால்தான் தலைமேல் வெந்நீர். மண் தேநீரைத் தொடுவதும் அதிகம். நுண்துளைகள் எதாவது செய்வதென்றால் இங்கேதான் செய்ய முடியும்.

அதை வீட்டிலேயே சோதிக்கலாம். சூட்டின் விளையாட்டு நடுவில் வராமல் இருக்க, தேநீரைப் பீங்கானில் போட்டு வடித்துவிடுங்கள். பாதியை வெந்நீரால் சூடாக்கிய மண்கெண்டியிலும், மீதியை அதே போலச் சூடாக்கிய பீங்கான் கெண்டியிலும் ஊற்றி இரண்டு நிமிடம் வையுங்கள். எது எதில் இருந்தது என்று தெரியாதபடி வேறொருவரை ஊற்றித் தரச் சொல்லுங்கள். நான் செய்தபோது புதுக் கெண்டியில் இருந்த தேநீரின் வாசம் ஓரளவு மங்கியிருந்தது, துவர்ப்பின் முனையும் மழுங்கியிருந்தது. எட்டு வருடக் கெண்டியில் அந்த வித்தியாசம் மிகக் குறைவு.

எனக்கு இதில் வியப்பு இல்லை. நாம் சட்டிக்குக் கழுநீர் ஊற்றும்போது அரிசி மாவுச்சத்து போய்த் துளைகளை அடைக்கிறது. சட்டி அதன்பிறகு குழம்பைக் குடிப்பதில்லை. கெண்டியிலும் தேநீரில் துவர்ப்பு தரும் பாலிஃபீனால்களும் நீரிலுள்ள கால்சியமும் காற்றோடு சேர்ந்து மெல்லிய பழுப்புப் படலமாகச் சுவரில் படிகின்றன. ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரில் டீ போட்டால் டம்ளரில் கறை ஏறுமே, அதே படலம். கொஞ்ச நாளில் தேநீர் தொடுவது மண்ணை அல்ல, பழைய தேநீரின் படலத்தை. பழகிய கெண்டி சுவையைச் சேர்ப்பதைவிட, எடுத்துக்கொள்வதை நிறுத்திவிடுகிறது என்பதுதான் என் கணிப்பு. புகைவாசமோ மல்லிகை வாசமோ உள்ள தேயிலையை மட்டும் கட்டாயம் தனியே வைக்க வேண்டும், அவை படலத்திலும் ஒட்டிக்கொள்ளும்.

கெண்டி வாங்கப் போகிறவர்கள் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மூடியின் குமிழில் ஒரு சிறு துளை இருக்கும். ஊற்றும்போது அதை விரலால் அடைத்தால் மூக்கிலிருந்து தண்ணீர் நிற்க வேண்டும். மூடி அவ்வளவு பொருத்தமாக இருந்தால்தான் வெளிக்காற்று உள்ளே புகாமல் நீர் நிற்கும். மூக்கின் நுனி வாயின் விளிம்புக்குக் கீழே இருந்தால் கெண்டி நிரம்புவதற்குள் மூக்கு வழியே வழிந்துவிடும். ‘ஷுயிபிங்’ என்ற வகை, தண்ணீரில் மிதக்கவிட்டால் ஒரு பக்கமும் சாயாமல் மட்டமாக நிற்கும், அதன் பெயருக்கே நீர்மட்டம் என்று பொருள். மூக்கும் கைப்பிடியும் எடையில் ஒன்றையொன்று சரிக்கட்டுவதால் அந்தச் சமநிலை.

மண்ணை மட்டும் கண்ணால் பார்த்து முடிவுசெய்வது கடினம். ஹுவாங்லோங் மலைச் சுரங்கங்களை அரசு 2000-களின் நடுவில் மூடிவிட்டது, கையிருப்பு மண்ணுக்கு விலை ஏறியது. கு ஜிங்ஜோ என்ற புகழ்பெற்ற குயவரின் கைவேலை ஏலத்தில் கோடிக்கணக்கான யுவானுக்குப் போகிறது. அப்படியொரு சந்தையில் போலி வராமல் இருக்குமா? சாதாரண மண்ணில் இரும்பு ஆக்சைடும் மாங்கனீசும் கலந்து நிறமேற்றி ஸிஷா என்று விற்பதை 2010-ல் சீன அரசுத் தொலைக்காட்சியே காட்டியது. கொதிநீர் ஊற்றியதும் ரசாயன வாசமோ எண்ணெய் வாசமோ வந்தால் அந்தக் கெண்டி வேண்டாம். கண்ணைப் பறிக்கும் நீலமும் பச்சையும் எனக்கு வேண்டவே வேண்டாம்.

சோப்பு போடாதீர்கள், அதன் வாசம் போக வாரக்கணக்கில் ஆகும். குடித்து முடித்ததும் இலையைக் கொட்டி, வெந்நீரில் அலசி, மூடியைத் தனியே எடுத்து வைத்துக் காயவிட்டால் போதும். ஒரு ஐப்பசி மழையில் என் பு-அர் கெண்டியை இலையோடு மறந்து ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது உள்ளே வெள்ளைப் பூஞ்சை. கொதிநீரை நிரப்பி ஆறவிட்டுக் கொட்டுவது, வெயிலில் வைப்பது என்று நாலு நாள் செய்த பிறகு மூக்கருகே கொண்டுபோனேன். பூஞ்சை வாசம் போயிருந்தது. பு-அரின் மழை நனைந்த மரவாசம் மட்டும் அடியில் அப்படியே இருந்தது.