தட்டுகிற கம்பியில் இழைகிற சுரம்

“வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் கொண்டுவரலாம். சந்தூரில் குச்சியால் தட்டத்தானே முடியும்? பிறகு எப்படி அதில் ஆலாப் (தாளமில்லாமல் ராகத்தை மெதுவாக விரிப்பது) வாசிக்கிறார்கள்?” சந்தூர் கற்கத் தொடங்கியிருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

காஷ்மீரின் சூஃபியானா இசையில் வாழ்ந்துவந்த சந்தூரை 1955-இல் சந்தூர் கலைஞர் சிவகுமார் சர்மா பம்பாய் மேடைக்குக் கொண்டுவந்தபோதும் இதே குறையைத்தான் சொன்னார்கள்: சுரம் நீளாது, மீண்ட் (ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து செல்வது) வராது, சாஸ்திரிய இசைக்கு இது ஆகாது.

சரிவக வடிவ மரப்பெட்டி, குதிரை எனப்படும் சிறு தாங்கிகள்மேல் ஓடும் கம்பிகள், ஒரு சுரத்துக்கு இரண்டு மூன்று கம்பி. நீளமும் இறுக்கமும் தடிமனும் சுருதியைத் தீர்மானிக்கும் என்பது பள்ளிப் பாடம். தட்டிய சுரம் அடுத்த கணமே தேயத் தொடங்கிவிடும் என்பதுதான் சிக்கல்.

இனி அந்தக் குச்சியைக் கவனியுங்கள். முனை லேசாக வளைந்த மெல்லிய மரக்குச்சி. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் தளர்வாக இருக்கும். அது பட்டதும் கம்பி பள்ளமாகிறது. அந்தப் பள்ளம் அலையாகி இருபுறமும் ஓடி, குதிரையில் பட்டுத் திரும்புகிறது. கம்பியின் இறுக்கமும் திரும்பி வரும் அலையும் சேர்ந்து குச்சியை மேலே எற்றிவிடுகின்றன. குச்சி எடை குறைவு என்பதால் சட்டென்று விலகிவிடும். அதனால்தான் மேல்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து மெல்ல ஒலிக்கும் உயர்ந்த ஒலிகள்) அமுங்காமல் ஒலி அப்படிப் பளிச்சென்று கேட்கிறது. கனமான குச்சி கம்பியோடு அதிக நேரம் ஒட்டி நின்று அவற்றைத் தின்றுவிடும்.

எழும்பிய குச்சி மறுபடி விழும், மறுபடி எழும்பும். தரையில் போட்ட கோலிக்குண்டைப் போல ஒவ்வொரு துள்ளலும் முந்தையதைவிடக் குட்டை, இடைவெளியும் குறைவு. சும்மா விட்டால் நொடியில் அடங்கிவிடும். வாசிப்பவர் விரலால் மிகச் சிறிய அழுத்தம் கொடுத்து, அடங்கப்போகிற துள்ளலைச் சீராக நீட்டுகிறார். ஒரு தட்டின் ஒலி தேய்வதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் காது அதை ஒரே நீண்ட சுரமாகக் கேட்கிறது. துள்ளல் நிற்காமலே குச்சியை அடுத்த சுரத்துக் கம்பிக்கு நகர்த்தினால் மீண்ட் போன்ற இழைவு கிடைக்கும். சர்மா பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய வித்தை இது. வாத்தியத்தை மர ஏந்தியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டதும் அவர்தான்.

சுத்தியல் பட்ட கம்பி எப்படி நடந்துகொள்கிறது என்பதை, பியானோவை வைத்து, சி.வி. ராமன் 1920 வாக்கிலேயே ஆராய்ந்தார். மிருதங்கம், தபலா ஒலியையும் ஆராய்ந்தார். அந்த மரபை நாம் போதிய அளவு வளர்க்கவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். இசைக்கருவி இயற்பியலுக்குப் பெரிய எந்திரங்கள் வேண்டாம். பல்கலைக்கழகங்கள் கொஞ்சம் நிதி ஒதுக்கினாலே போதும்.

சரி, வாசகியின் கேள்விக்கு வருவோம். வீணையின் அசைவுக் கமகம் சந்தூரில் அப்படியே வராது. அங்கே கம்பியின் இறுக்கத்தையே விரல் மாற்றுகிறது, இங்கே அது மாறுவதில்லை. எனவே முதலில் ஒரே சுரத்தில் துள்ளலைப் பழகுங்கள், மணிக்கட்டை இறுக்காமல். வலது கையில் வருகிற சீர் இடது கையிலும் வந்த பிறகு அடுத்த கம்பிக்கு நகருங்கள்.