செல்லாத ஓட்டு என்று சொல்லுமுன் சீட்டைப் பாருங்கள்

போன வாரம் காரைக்குடிப் பக்கம் ஒரு வட்டாரச் சங்கத் தேர்தல். எண்ணி முடித்தபோது செல்லாத சீட்டே தனிக்கட்டாக நின்றது. "வயசான ஆச்சிமாருக்குக் குத்தத் தெரியலை" என்று நிர்வாகி ஒருவர் பேச்சை முடித்துவிட்டார். ஒவ்வொரு சங்கத் தேர்தலிலும் இதே வார்த்தை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

சீட்டை வாங்கிப் பார்த்தேன். தாளை மிச்சம் பிடிக்க, பெயர்களை இடமும் வலமுமாகப் போட்டு, முத்திரைக் கட்டங்களை நடுவில் ஒரே வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். முப்பது வருஷமாக அச்சகம் நடத்தும் நானே எந்தக் கட்டம் யாருக்கு என்று விரல் வைத்துத்தான் தேடினேன்.

குத்தத் தெரியாதவர்களா அவர்கள்? 2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலில் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள், வார்டு உறுப்பினருக்குத் தனிச் சீட்டு என்று நாலையும் பிரித்துக் குத்திய கைகள்தான் அவை. சீட்டு தெளிவாக இருந்தால் கை தடுமாறாது.

2000 அமெரிக்க அதிபர் தேர்தலில், ஃபுளோரிடாவின் பாம் பீச்சிலும் இதே அமைப்புதான். முதியோருக்கு எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று நல்லெண்ணத்தில் பெயர்களை இரண்டு பக்கமாகப் பிரித்தார் தேர்தல் அதிகாரி. அங்கே முத்திரைக்குப் பதில் சீட்டில் துளையிட வேண்டும். இடப்பக்கம், புஷ்ஷுக்கு அடுத்து இரண்டாவதாக இருந்த அவருடைய முக்கியப் போட்டியாளர் அல் கோருக்கு மூன்றாவது துளை. இரண்டாவது துளை வலப்பக்கத்தில் இருந்த சிறுகட்சி வேட்பாளர் புக்கானனுக்கு. ஒன்றுக்கு மேல் துளையிட்டுச் செல்லாமல் போனவை மட்டும் 19,000-க்கு மேல். அந்த மாநிலத்தில் புஷ் ஜெயித்ததோ 537 ஓட்டில். அங்கே அந்தப் பதவிக்கும் தேர்தல் உண்டு; அந்த அதிகாரியை 2004-இல் மக்கள் தோற்கடித்தார்கள்.

இங்கே யாரைக் கேட்பது? தேர்தல் சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இல்லாவிட்டால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. சுவரில் ஒட்டிக் கிழியும் தாளுக்கே இவ்வளவு கண்டிப்பு. சங்கத்தின் வாக்குச் சீட்டுக்கு யார் பொறுப்பென்றால் ஆளாளுக்குக் கை காட்டுகிறார்கள். அச்சிட்டவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய புரூஃபுக்கு, அதாவது அச்சுக்கு முந்தைய மாதிரிக்கு, சங்கத்திலிருந்து வந்த பதில் ஒரு கட்டைவிரல் படம், அவ்வளவுதான்.

பெயர், சின்னம், கட்டம் மூன்றும் ஒரே வரியில், ஒரே பத்தியில் வரட்டும். இடம் போதாவிட்டால் தாளைப் பெரிதாக்குங்கள், எழுத்தைச் சிறிதாக்காதீர்கள். முத்திரைக்கு வெறும் பெருக்கல் குறி வேண்டாம். மடிக்கும்போது மை எதிர்ப்பக்கம் ஒட்டினால் எது குத்தியது, எது ஒட்டியது என்று தெரியாது. அரசுத் தேர்தலின் அம்புக்குறி முத்திரை இடவலம் மாறித் தெரியும் என்பதால் கண்டுபிடித்துவிடலாம்.

அச்சேறுமுன் நாலைந்து ஆச்சிகளிடம் மாதிரிச் சீட்டைக் கொடுத்து, எதுவும் சொல்லாமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர்கள் தயங்கும் இடத்தைத் திருத்துங்கள்.

தொழில் நண்பர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: தேர்தல் பொறுப்பாளர் இருவர் தேதியோடு புரூஃபில் கையெழுத்துப் போடாமல் மிஷினை ஓட்டாதீர்கள்.