ரீஃபர்பிஷ்டு லேப்டாப்ல விண்டோஸ் ஸ்டிக்கர் அழிஞ்சிருந்தா உடனே கீ வாங்காதீங்க

சர்வீஸுக்கு வர்ற ரீஃபர்பிஷ்டு லேப்டாப்புகள்ல அடியில இருக்கற விண்டோஸ் ஸ்டிக்கர் பெரும்பாலும் தேய்ஞ்சு வெள்ளையாத்தான் இருக்கும், அதப் பாத்ததும் கீ (விண்டோஸ ஆக்டிவேட் பண்ற 25 எழுத்து நம்பர்) போச்சுன்னு பயந்து ஆன்லைன்ல சல்லிசா கிடைக்கற ஏதோ ஒரு கீய வாங்கிட்டு வந்துடறாங்க. மொதல்ல மெஷின் எந்தக் காலத்துதுன்னு பாருங்க.

2012ல விண்டோஸ் 8 வந்ததுக்கப்புறம் பிராண்டட் லேப்டாப்புல கீய ஸ்டிக்கர்ல அடிக்கறதில்ல, மதர்போர்டுல மெஷின ஸ்டார்ட் பண்ற பயாஸ் சிப்புலயே எழுதி அனுப்பறாங்க. வெளிய இருக்கற சின்ன ஸ்டிக்கர்ல வெறும் லோகோதான், அதுல நம்பரே இருந்ததில்ல, அழியறதுக்கு என்ன இருக்கு? விண்டோஸ் 10 ஒருதடவ ஒழுங்கா ஆக்டிவேட் ஆன போர்டுன்னா அது மைக்ரோசாஃப்ட் சர்வர்லயும் பதிவாயிருக்கும், இன்ஸ்டால் பண்றப்ப கீ இல்லைங்கற ஆப்ஷன அழுத்திட்டு பழைய எடிஷனையே போடுங்க, ஹோம்னா ஹோம், ப்ரோன்னா ப்ரோ. நெட் குடுத்ததும் தானா ஆக்டிவேட் ஆயிடும்.

ஸ்டிக்கர் நெஜமாவே தேவைப்படறது விண்டோஸ் 7 மெஷினுக்குத்தான். அதுக்கு சப்போர்ட் 2020 ஜனவரியோட முடிஞ்சு போச்சு, ஆனாலும் பழைய சிஎன்சி மெஷின், பழைய ஸ்கேனர்னு அத விட முடியாதவங்க இருக்காங்க. பேட்டரியக் கழட்டிப் பாருங்க, சில மாடல்ல ஸ்டிக்கர் அங்க பத்திரமா இருக்கும். தேய்ஞ்சிருந்தா தின்னர், ஸ்பிரிட் எதுவும் போட்டுத் தொடச்சிடாதீங்க, மிச்சம் இருக்கற மையும் போயிடும். டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சு போட்டோ எடுத்து கான்ட்ராஸ்ட் ஏத்திப் பாருங்க. அந்த 25 எழுத்துல ஏ, ஈ, ஐ, ஓ, யூ வராது, எல், எஸ், இசட் வராது, 0, 1, 5 வராது. அதனால வட்டமா ஒண்ணு தெரிஞ்சா அது பூஜ்யமோ ஓவோ கிடையாது, கியூ, சி, டி (D), ஜி, இல்ல 6, 8, 9ன்னு அதுக்குள்ளதான் தேடணும். பாதி கீய இப்படியே மீட்டுடலாம்.

கீ ஃபைண்டர் சாஃப்ட்வேர் காட்டறத அப்படியே நம்பி எழுதி வச்சுக்காதீங்க. விண்டோஸ் 7ல அந்த பிராண்ட் மெஷின் எல்லாத்துக்கும் கம்பெனியில போட்ட பொதுவான கீயத்தான் பல நேரம் காட்டும், ஸ்டிக்கர்ல இருக்கறது வேற. விண்டோஸ் 10 ப்ரோல 3வி66டின்னு (3V66T) முடிஞ்சா அதுவும் ஊருக்கே பொதுவானதுதான்.

இன்னொண்ணு, கமாண்ட் ப்ராம்ப்ட்ல எஸ்எல்எம்ஜிஆர், ஸ்பேஸ், ஸ்லாஷ், டிஎல்வின்னு இங்கிலீஷ்ல அடிச்சுப் பாருங்க. அதுல வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்னு வந்தா அது கம்பெனிங்க மொத்தமா வாங்கற லைசென்ஸ் வகை, ஒண்ணு லேப்டாப் முன்னாடி இருந்த கம்பெனி போட்டது, இல்லாட்டி எவனோ கிராக் போட்டது. அசல் கேஎம்எஸ்ஸா இருந்தாலும் 180 நாளைக்குள்ள அந்தக் கம்பெனி சர்வர்ல புதுப்பிச்சாகணும், வீட்டுல அது நடக்காது. ஆனா இதோட விட்டுடாதீங்க, ஆபீஸ் லேப்டாப்புகள்ல அடியில ப்ரோ கீ போர்டுலயே தூங்கிட்டிருக்கும், மேல கம்பெனிகளுக்கான எண்டர்பிரைஸ் எடிஷன ஏத்தியிருப்பாங்க. கிளீனா ப்ரோ போட்டுப் பாத்தா பல மெஷின் அப்படியே ஆக்டிவேட் ஆயிடுது.

கீ நெஜமாவே தொலையற இடம் சிப் லெவல் சர்வீஸ் (எங்க ஆளுங்களும் பண்றதுதான்). பயாஸ் கரப்ட்னு நெட்ல கிடைச்ச வேற மெஷினோட ஃபைல ஏத்திட்டா உங்க கீ, சீரியல் நம்பர் ரெண்டும் போயிடும், யாரோடதோ வந்து உக்காந்துக்கும். சிப்ப அழிக்கறதுக்கு முன்னாடி அதுல இருக்கறத ஒரு பேக்கப் எடுத்து பென்டிரைவ்ல குடுக்கச் சொல்லிக் கேளுங்க, தர மாட்டேன்னு சொன்னா வேற கடை பாருங்க.